எட்டு மணி போன்

கடலூரிலிருந்து சிதம்பரம் பக்கத்துப் பள்ளிக்குப் பேருந்தில் போய்வருகிற கணக்கு டீச்சர் நான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று போகும் வழியில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் கேட்பார்கள்: "அக்கா, இந்த ஸ்மார்ட் போர்டு, ஆப் எல்லாத்தையும் எப்படிச் சமாளிக்கிறீங்க?"

தெரிந்ததைச் சொல்வேன். பாடப்புத்தகத்தில் 2018 முதல் வரும் கியூஆர் கோடை வகுப்பில் வைத்து ஸ்கேன் செய்யாதீர்கள். பிள்ளைகள் காத்திருக்க, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் நாள் இரவே தீக்ஷா செயலியில் பாடத்தைப் பதிவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமல் ஓடும். கேபிளில் இணைப்பதற்கு முன் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். ஒருமுறை பிதாகரஸ் தேற்றத்தின் நடுவே, "வரும்போது தோசை மாவு" என்று என் வீட்டுக்காரர் அனுப்பியது போர்டில் பெரிதாக வந்து நின்றது. பிள்ளைகளோடு நானும் சிரித்தேன்.

ஆனால் அந்தப் போனும் டேட்டாவும் என் சம்பளத்தில் வாங்கியவை. பதிவிறக்கும் அந்த இரவில் அடுப்பும் என் பொறுப்புதான். இது 2020இல்தான் எனக்கு உறைத்தது.

மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. சந்தேகங்கள் எங்கள் போனுக்கு வந்தன. ஒன்பதாம் வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதை யோசிக்கவில்லை. இரண்டே வாரத்தில் ஒரு தாய் கூப்பிட்டார்: "டீச்சர், எவனோ பாப்பாவுக்கு குட் மார்னிங் போட்டுக்கிட்டே இருக்கான். அவங்க அப்பா பார்த்தா படிப்பையே நிறுத்திடுவாரு." எனக்கும் இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வரத் தொடங்கியது. ஒரு மாணவனின் உறவினர். பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மேலிடத்தில் சொன்னேன். "நம்பரை மாத்திடுங்க மேடம்" என்றார்கள்.

குழுவைக் கலைத்துவிட்டு பிராட்காஸ்ட் பட்டியலுக்கு மாறினேன். என் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் செய்தி போகும். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. பதில் எனக்கு மட்டும் வரும். பள்ளிக்கென்று தனி சிம் வாங்கினேன். முகப்புப் படத்தை மறைத்தேன். மாலை ஆறு மணிக்கு அந்த சிம்மை அணைத்துவிடுவேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

பரங்கிப்பேட்டைப் பக்கத்து மாணவி ஒருத்தி, கணக்கில் வகுப்பிலேயே முதல், பதில் அனுப்புவதை நிறுத்தியிருந்தாள். புத்தகம் வாங்கப் பள்ளிக்கு வந்த அவள் அம்மா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. வீட்டில் ஒரே போன், அண்ணனுடையது. அவன் மெக்கானிக் ஷெட்டிலிருந்து வர எட்டு மணி ஆகும். "கேள்வி போட்டாளாம், நீங்க பதில் போடலயாம். டீச்சருக்கு எம்மேல கோபம்னு அழுவுறா. ஒரு எடத்துலேர்ந்து பொண்ணு கேட்டும் வர்றாங்க, டீச்சர்."

நிர்வாகம் பள்ளிக்கென ஒரு எண்ணும், தொல்லை கொடுத்தவரைக் கண்டிக்க ஓர் ஆளும் தந்திருந்தால் நான் கதவைச் சாத்தியிருக்க மாட்டேன். என்னைக் காத்துக்கொள்ள நான் சாத்திய கதவுக்கு வெளியே நின்றது அவள்.

அன்றிலிருந்து இரவு எட்டு முதல் எட்டரை வரை அந்த சிம் விழித்திருந்தது. வீடியோ அனுப்பவில்லை, இரண்டு நிமிடக் குரல் பதிவுதான். டேட்டா குறைவு, பாத்திரம் தேய்த்தபடியே கேட்கலாம். அம்மாவும் கூடவே கேட்டாராம். பதினொரு மணிக்காரரை பிளாக் செய்தேன். "பள்ளிக்கூடம் முடிஞ்சும் பள்ளிக்கூடமா?" என்று முணுமுணுத்த வீட்டுக்காரர், நான்காம் நாள் தானே தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். பெண் கேட்டு வந்தவர்களிடம், "பத்தாவது முடிக்கட்டும்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். அவள் பன்னிரண்டாவதும் முடித்தாள்.

இப்போதெல்லாம் பேருந்தில் யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். ஆப் எல்லாம் அப்புறம். பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒவ்வொரு பெண்ணையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்: வீட்டுப் போன் யாருடையது? எத்தனை மணிக்கு உன் கைக்கு வரும்?