எஃகில் கீறிய கோடுகள்

சீ விக்ஸன் இருவர் ஏறும் போர் விமானம். விமானி இடது பக்கத்தில், வெளிச்சம் விழும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். ராடார் பார்ப்பவருக்கு அந்த வசதி கிடையாது. வலது பக்கம், விமானத்தின் உடலுக்குள்ளேயே இறங்கி, தலைக்கு மேல் மூடியைச் சாத்திக்கொண்டு, பட்டப்பகலிலும் இருட்டில் இருக்க வேண்டும். அன்றைய ராடார் திரை இருட்டில்தான் தெளிவாகத் தெரியும். பிரிட்டிஷ் கடற்படைக்காரர்கள் அந்த இடத்தைக் கரிக்குழி என்றே அழைத்தார்கள்.

72இல் ஒரு பங்கு அளவில் அந்தக் குழியின் மூடி ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள மார்கேட் ஊரில், வீட்டுக்குப் பின்னால் இருந்த மரக்கொட்டகையில், எண்பதை நெருங்கும் ஒருவர் அந்த மூடியை இடுக்கியில் பிடித்து ஓரத்துப் பிசிறைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் விமான மாதிரிகளைக் கட்டுகிறவர்கள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆண்டுதோறும் நவம்பரில் டெல்ஃபர்ட் நகரில் அவர்களுக்கென்றே பெரிய கண்காட்சி நடக்கிறது. இவரைப் போய்ப் பார்க்கச் சொல்லி லண்டன் நண்பர் என்னை அனுப்பியதற்குக் காரணம் வேறு. இவர் வேலை பார்த்த காலமெல்லாம் பிளாஸ்டிக் பொருள்களுக்கான எஃகு அச்சுகளை வெட்டும் பட்டறையில் இருந்தவர். அச்சு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்த கை, இப்போது அச்சிலிருந்து வந்ததைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். “அன்றைக்குப் பெட்டியில் போடவில்லை. இன்றைக்கு எதற்கு?”

மேசையில் இருந்த பாகங்கள் ஃப்ராக் என்ற பழைய பிரிட்டிஷ் நிறுவனத்தின் அச்சில் வார்த்தவை. வந்த பையில் இருந்த பெயரோ நோவோ. இந்தப் பெயர் மாற்றத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட பயணம் இருக்கிறது. ஃப்ராக் 1936இல் ‘பெங்குவின்’ என்ற வரிசையைக் கொண்டுவந்தது. பிளாஸ்டிக்கில் வந்த முதல் விமான மாதிரிகள் அவைதான். 72இல் ஒரு பங்கு என்ற அளவு அங்கேயே வந்துவிட்டது. ஆறடி மனிதர் ஓர் அங்குலம் ஆவார் என்பது அதன் கணக்கு. போருக்குப் பிறகு பாலிஸ்டைரீன் வந்தது. ஏர்ஃபிக்ஸ் போன்ற போட்டியாளர்களும் வந்தார்கள். ஃப்ராக்கின் தாய் நிறுவனமான லைன்ஸ் பிரதர்ஸ் ஒரு காலத்தில் உலகின் பெரிய பொம்மை நிறுவனங்களில் ஒன்று. அது 1971இல் சரிந்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் பிளாஸ்டிக் குருணையின் விலையும் கூடவே ஏறியது. 1970களின் நடுவில், புதிய உரிமையாளர்கள் ஃப்ராக் அச்சுகளை மொத்தமாகச் சோவியத் யூனியனுக்கு அனுப்பிவைத்தார்கள்.

மொத்தமாக என்றால் முழுக்க அல்ல. ஜெர்மனி, ஜப்பான் போர் விமானங்களின் அச்சுகளைச் சோவியத் தரப்பு ஏற்கவில்லை. எதிரியின் விமானத்தைத் தன் நாட்டுக் குழந்தை கையில் கொடுக்க அவர்கள் தயாராக இல்லை. அந்த அச்சுகள் ரெவெல் நிறுவனத்துக்குப் போயின. மற்றவை சோவியத் ஆலைகளுக்குப் பிரிந்தன. அவற்றில் ஒன்று டொனெட்ஸ்க் பொம்மைத் தொழிற்சாலை. அங்கே வார்த்தவை நோவோ என்ற பெயரில் பிரிட்டனுக்கே திரும்பி வந்து கடைகளில் தொங்கின. 1980இல் அந்த வணிகத்தை நடத்திய பிரிட்டிஷ் நிறுவனமும் விழுந்தது. அச்சுகள் விழவில்லை. சோவியத் யூனியன் உடைந்த பிறகும் ரஷ்யாவில் பல சிறு நிறுவனங்கள் அவற்றிலிருந்து வார்த்துப் புதுப் பெட்டிகளில் விற்றன. முதலாளிகள், நாடுகள், கொடிகள் எல்லாம் மாறின. எஃகு மட்டும் வேலை செய்துகொண்டே இருந்தது.

கட்டும் வேலையின் எல்லாக் கட்டங்களையும் இங்கே சொல்லப் போவதில்லை. சக்கரங்களும் ஏவுகணைகளும் வெட்டிச் சுரண்டி ஒட்டும் வேலை. பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் வரும். உயிர் இருப்பது வேறு இடங்களில்.

முதலாவது, எடை. மூக்கில் சக்கரம் உள்ள மாதிரி விமானம், முன்னால் கனம் இல்லாவிட்டால் வாலை ஊன்றி உட்கார்ந்துவிடும். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளை மூக்குக்குள் அடைத்து ஒட்டுவது பழைய வழக்கம். எந்தப் பசையால் ஒட்டுகிறோம் என்பதில்தான் விஷயம். வெள்ளைப் பசையான பி.வி.ஏ.வில் ஈயத்தைப் பதித்தால், பசையிலிருந்து கசியும் அமிலத்தில் ஈயம் மெல்ல அரித்து வெண்மையான உப்பாக மாறி ஊதும். சில ஆண்டுகளில் மூக்கு தானாகப் பிளந்துவிடும். கட்டி முடித்து அலமாரியில் வைத்த விமானங்கள் இப்படி உள்ளிருந்தே வெடித்த கதைகள் இவர்களிடம் நிறைய உண்டு. இவர் எபாக்ஸி தவிர வேறெதையும் தொடுவதில்லை.

இரண்டாவது, வால். சீ விக்ஸனுக்கு ஒற்றை வால் கிடையாது. இரண்டு இறக்கைகளிலிருந்தும் பின்னோக்கி நீளும் இரு தண்டுகள், அவற்றின் முனையில் இரண்டு செங்குத்துத் துடுப்புகள், அவற்றை மேலே இணைக்கும் ஒரு கிடைப்பலகை. ஒரு தண்டு அரை மில்லிமீட்டர் சாய்ந்தால் போதும், பலகை கோணிவிடும். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் கண்ணில் குத்தும். பழைய பாகங்கள் கொஞ்சம் முறுக்கிக்கொண்டும் இருக்கும். வெந்நீரில் முக்கி, நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் பிடிக்கிறார். பிறகு கட்டம் போட்ட தாளின் மேல் மரக்கட்டைகளை அடுக்கி, அவற்றுக்கு நடுவே விமானத்தைக் கவிழ்த்து வைத்து, தூரிகை நுனியால் திரவப் பசையை இணைப்பில் தொடுகிறார். பசை தானே இடுக்குக்குள் ஓடிவிடும். பாலிஸ்டைரீனின் மேல்பரப்பைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கும் கரைப்பான் அது. உலர்ந்த பிறகு பிரிக்க நினைத்தால் பிளாஸ்டிக்தான் உடையும். அதனால் தொடுவதற்கு முன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். தொட்ட பிறகு கொட்டகையை விட்டே வெளியே போய்விடுகிறார், கை துறுதுறுக்கும் என்பதால்.

மூன்றாவது, கோடுகள். என்னை அங்கேயே நிறுத்தி வைத்தவை அவைதான்.

உண்மையான விமானத்தின் தோல் பல அலுமினியத் தகடுகளால் ஆனது. தகடுகள் சேரும் இடங்களை மாதிரியில் கோடாகக் காட்டுவார்கள். இன்றைய மாதிரிகளில் அந்தக் கோடு பள்ளமாக இருக்கும். பழைய மாதிரிகளில் பெரும்பாலும் மேடு. ஆணித் தலைகளும் அப்படியே, புள்ளி புள்ளியாகப் புடைத்து நிற்கும். கால் மில்லிமீட்டர் புடைப்பு என்றாலும் 72ஆல் பெருக்கினால் 18 மில்லிமீட்டர் வருகிறது. ஜெட் விமானத்தின் தோலில் அவ்வளவு பெரிய ஆணி எங்கேயும் கிடையாது. அவை தகட்டோடு மட்டமாக இருக்கும். ஆகவே இன்று பழைய மாதிரியைக் கட்டுகிறவர்களில் பலர் முதலில் செய்வது, வாட்டர் பேப்பர் போட்டு எல்லாவற்றையும் வழித்தெடுப்பது. பிறகு தடித்த ஒட்டுப் பட்டையை அளவுகோலாக வைத்து, கூரான ஊசியால் புதிதாகப் பள்ளக் கோடு கீறுவார்கள்.

பெரியவர் அதைச் செய்யமாட்டேன் என்கிறார். காரணம் கேட்டதும் வேலையை நிறுத்திவிட்டு, பழைய எஃகுத் துண்டு ஒன்றையும் கீறுமுனை ஒன்றையும் என் முன் வைத்தார்.

அந்தக் காலத்தில் கணினி இல்லை. மாதிரியைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக மரத்தில் விமானத்தைச் செதுக்குவார்கள். அதிலிருந்து வார்த்த பிசின் வடிவத்தின் மேல் பேன்டோகிராஃப் இயந்திரத்தின் ஒரு கை தடவிக்கொண்டு போகும். மறுகையில் சுழலும் வெட்டுமுனை அதையே சிறிதாக்கி எஃகில் குடையும். இயந்திரம் செய்வது அவ்வளவுதான். குடைந்த பள்ளத்தை அரத்தாலும் சாணைக்கல்லாலும் மெருகேற்றி, தகட்டுக் கோடுகளைப் போடுவது ஆளின் வேலை. எஃகில் கீறினால் பிளாஸ்டிக்கில் மேடு வரும். எஃகில் குத்தினால் ஆணித் தலை வரும். பிளாஸ்டிக்கில் பள்ளக் கோடு வேண்டுமானால் எஃகில் முடியளவு வரப்பு ஒன்றை விட்டுவிட்டு, சுற்றியுள்ள உலோகம் முழுவதையும் வழித்தெடுக்க வேண்டும். கையால் அதைச் செய்வது பெரும்பாடு. மின்பொறியால் எஃகை அரிக்கும் ஸ்பார்க் மெஷின் பரவிய பிறகுதான் பள்ளக் கோடு எளிதாயிற்று.

எஃகுத் துண்டில் கீறிக் காட்டினார். முதல் அங்குலம் ஒரே ஆழத்தில் ஓடியது, கடைசியில் சற்று மெலிந்தது. “கை சோர்ந்த இடம்” என்றார். பிறகு சீ விக்ஸனின் இடது இறக்கையை விளக்குக்கு அடியில் சாய்த்தார். நீளமான ஒரு கோடு இறக்கை நுனியை நெருங்கும்போது அதேபோல மெலிந்திருந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் யாரோ ஒரு தொழிலாளி எஃகை ஊன்றிக் கீறிய அழுத்தம் அது. அந்தத் தொழிலாளியின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை, எந்தக் கண்காட்சிப் பலகையிலும் இல்லை. இருக்கிற ஒரே பதிவு அந்தக் கோடு. அதை வழித்தெடுப்பது நியாயமா என்று கேட்கிறார் பெரியவர். இன்று இதே விமானத்தை நுட்பமான பள்ளக் கோடுகளோடு புதிய நிறுவனங்கள் வெளியிட்டிருக்கின்றன. துல்லியம் வேண்டுகிறவர்கள் அதை வாங்கிக் கட்டட்டும் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது.

ஆனால் இணைப்பில் பட்டி பார்த்துத் தேய்க்கும்போது பக்கத்துக் கோடுகளும் சேர்ந்து அழிந்துதான் தீரும். அவற்றைத் திரும்பக் கொண்டுவர அவர் செய்கிற வேலை அழகானது. பாகங்களைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேல் சுழற்றுகிறார். அது பளபளத்து இளகியதும் இரு முனையையும் பிடித்து இழுக்கிறார். வெல்லப்பாகு கம்பிப் பதத்தில் இழுபடுவதுபோல மெல்லிய இழையாக நீள்கிறது. வேகமாக இழுத்தால் முடியளவு, மெதுவாக இழுத்தால் நூலளவு. அதிலிருந்து பொருத்தமான இழையைத் தேர்ந்து, அழிந்த கோட்டின் இடத்தில் வைத்து, திரவப் பசையால் தொட்டு, காய்ந்ததும் மெல்ல ஒருமுறை தேய்க்கிறார். பழைய கோடு எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்படிக் கட்டி முடித்த விமானத்துக்குச் சந்தையில் என்ன விலை என்று கேட்டேன். கிடைத்த பதிலில் எனக்குக் கோபம் வந்தது, இன்னும் தணியவில்லை. பிரிக்காத பைக்குக் கிடைக்கிற விலை கட்டிய விமானத்துக்குக் கிடைக்காது. பசை பட்ட நொடியிலேயே மதிப்பு சரிகிறது. மாதிரிகள் கட்டிய ஒருவர் இறந்தால் வீட்டு வாசலுக்கு வியாபாரி வருவார். கட்டிய விமானங்களைத் தொண்டுக் கடைக்குக் கொடுத்துவிடுங்கள் என்பார். மாடியில் கட்டாமல் கிடக்கும் பெட்டிகளை மொத்தமாக ஒரு தொகைக்கு எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஏலத்தில் விடுவார். வாங்குகிறவர்களில் பலரும் பிரிப்பதில்லை. விலை ஏறட்டும் என்று அவர்களும் அடுக்கி வைக்கிறார்கள். ஒரே பை பல கைகள் மாறும். ஒவ்வொரு கையும் அதன்மேல் கொஞ்சம் லாபம் வைக்கும். மரத்தில் செதுக்கியவர், எஃகில் கீறியவர், டொனெட்ஸ்கில் இயந்திரத்தின் முன் நின்று வார்த்தவர் ஆகியோருக்கு அதில் ஒரு பென்னி கிடையாது. அவர்கள் வாரக் கூலியோடு முடிந்துபோனவர்கள். ஒரு சிறுவன் உட்கார்ந்து ஒட்டுவதற்காகத்தான் அவர்கள் அதைச் செய்தார்கள். ஒட்டாமல் பூட்டி வைப்பவர் எதைப் பாதுகாக்கிறார்? பாதி வேலையைப் பாதியிலேயே நிறுத்தி வைத்து, அந்த நிறுத்தத்துக்கு விலை கேட்கிறார். சேகரிப்பு என்ற கௌரவமான சொல்லை இதற்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

பெரியவர் என்னளவு கோபப்படவில்லை. ஒரு பை கிடைத்தால் அன்றே கத்தரிக்கோலை எடுத்துவிடுகிறார், அவ்வளவே.

இந்த சீ விக்ஸனை அவர் கட்டுவது விற்பனைக்கும் அல்ல, போட்டிக்கும் அல்ல. அதே வட்டாரத்தில் வசிக்கும் முன்னாள் கடற்படை ராடார்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். கரிக்குழியில் உட்கார்ந்து பறந்தவர். சீ விக்ஸன் கருணை காட்டிய விமானமே அல்ல. அதன் முன்மாதிரியான டி.எச்.110, 1952 செப்டம்பர் 6 அன்று ஃபார்ன்பரோ விமானக் காட்சியில் மக்கள் கண் முன்னே வானில் சிதறியது. விமானி ஜான் டெரி, உடன் பறந்த டோனி ரிச்சர்ட்ஸ், கூட்டத்தில் நின்ற 29 பேர் இறந்தார்கள். இறக்கையை வலுப்படுத்தி, 1959இல் கடற்படையில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகும் விபத்துகள் நின்றுவிடவில்லை. வலது பக்கக் குழியிலிருந்து தப்புவது மிகவும் கடினமாக இருந்ததால், மூடியை உடைத்துக்கொண்டே இருக்கை வெளியே பாயும்படி பின்னாளில் மாற்றினார்கள். 1972இல் படைப்பிரிவுகளிலிருந்து விலக்கப்பட்டது.

ராடார்காரர் தன் பறப்புக் குறிப்பேட்டைப் பார்த்து விமானத்தின் எண்ணைச் சொல்லியிருக்கிறார். சின்னங்களும் எண்களும் அச்சிட்டு, பையோடு வந்த டெக்கால் என்ற ஒட்டுப்படத் தாள் மஞ்சள் பூத்திருந்தது. அதைச் சில வாரங்கள் ஜன்னல் கண்ணாடியில், வெயில் படும்படி ஒட்டி வைத்ததில் மஞ்சள் வெளுத்திருக்கிறது. உடையாமல் இருக்க மேலே வார்னிஷ் பூசியிருக்கிறார். எண்களை மட்டும் வேறு தாள்களிலிருந்து ஒவ்வோர் இலக்கமாக வெட்டிச் சேர்க்க வேண்டும். 899ஆம் படைப்பிரிவின் கவச முஷ்டி வால் துடுப்பில் வரும். மேலே கரும் கடற்சாம்பல், அடியில் வெள்ளை.

அந்த வெள்ளையில்தான் தகராறு. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய கோடுகள் அடிப்பகுதியில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று பெரியவருக்கு ஆசை. தொலைபேசியில் ராடார்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. கப்பலில் நின்ற விமானத்தின் வயிற்றில் கோடாவது ஆணியாவது, எண்ணெய்தான் ஒழுகிக்கொண்டிருந்தது, ஓய்வறைக்குப் போகும்போது சட்டையெல்லாம் அதுதான் என்று உரக்கச் சொன்னது எனக்கும் கேட்டது. கொஞ்ச நேர வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு சமரசம் வந்தது: எஞ்சின் மூடிகளுக்குப் பின்னால் கறை, இறக்கையின் அடியில் சுத்தம். பெரியவர் பழுப்பு எண்ணெய் வண்ணத்தில் கறுப்பைக் கலந்து, டர்பென்டைனில் நீர்த்து, ஒரு பழைய இறக்கைத் துண்டில் பூசிப் பார்த்தார். ரொம்பச் சிவப்பு என்று தலையாட்டிவிட்டு, இன்னும் ஒரு சொட்டு கறுப்பு விட்டார்.