எந்த இடத்து 'இங்கே'?

ராசிபுரத்தில் தறியோசை கேட்கும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் வாழும், எண்பதைக் கடந்த நெசவாளர் ஒருவரிடமிருந்து இரண்டு ஆண்டுகளாகத் தறிச்சொற்களைத் திரட்டி வந்தோம். பாவு, ஊடை, நாடா, குழித்தறி என்று தொடங்கிய பட்டியல் நானூறைத் தாண்டிவிட்டது. அதைக் கைப்பேசியில் தேடிப் படிக்கத்தக்க சிறு செயலியாக்குவது எங்கள் விருப்பம். நாங்கள் என்றது இருவரை: தமிழ் முதுகலை பயின்று கல்லூரியில் பாடம் சொல்லும் ஒருவர், கணினியியல் பயிலும் மாணவி ஒருத்தி. பெரியவரின் உடல் நாளுக்கு நாள் நலிந்து வந்தது. அவர் இருக்கும்போதே காட்டிவிட வேண்டும் என்ற பதைப்பு எங்களுக்கு.

மாணவியின் மடிக்கணினியில் ஜாங்கோ சர்வர் ஓடியது. பிரவுசரில் 127.0.0.1:8000 என்று இட்டால் சொற்கள் வரிசையாக வந்து நின்றன. அதே கணினியில் ஆண்ட்ராய்டு எமுலேட்டரைத் திறந்து, செயலியில் அதே முகவரியைக் கொடுத்தாலோ, 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்ற ஒரே விடைதான். ஆண்ட்ராய்டு 9 (2018) முதல், அதற்கென ஆக்கப்படும் செயலிகளில் மறையாக்கம் இல்லாத எச்டிடிபி தொடர்பு இயல்பாகவே தடுக்கப்படுகிறது. அதை அறிந்து சோதனைப் பதிப்புக்கு மட்டும் முன்பே விலக்கு அளித்திருந்தோம். ஆகவே பழி அதன்மேலும் இல்லை. மூன்று இரவுகள் கழிந்தன. 'எங்கேயோ கவனக்குறைவாக எழுதியிருக்கிறாய்' என்று அவளைக் கடிந்துகொண்டதும் நடந்தது. அவள் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் வரவும் இல்லை.

விடை கிடைத்தபோது அது எங்கள் இலக்கண வகுப்பிலேயே இருந்தது புரிந்தது. 127.0.0.1 என்பது ஓர் ஊரின் பெயரன்று. 'நான்' என்பதைப் போன்ற தன்மைச் சொல். யார் சொல்கிறாரோ அவரையே குறிக்கும். எமுலேட்டர் கணினிக்குள் இருந்தாலும் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அதற்கென்று கற்பனையான ஒரு ரூட்டர் உண்டு, 10.0.2.15 என்று தனி முகவரியும் உண்டு. அது 127.0.0.1 என்று அழைக்கும்போது தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுகிறது. உள்ளே சர்வர் ஏது? தன்னைத் தாங்கியிருக்கும் கணினியை அழைக்க அதற்கு 10.0.2.2 என்ற முகவரி தரப்பட்டுள்ளது. (ஐஓஎஸ் சிமுலேட்டர் மேக் கணினியின் வலையமைப்பையே பகிர்ந்துகொள்வதால் அங்கே இச்சிக்கல் எழுவதில்லை.)

முகவரியை மாற்றியதும் கதவு திறந்தது. ஆனால் 400 என்ற பிழை எண் வந்தது. அதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. மறுப்பதற்காவது மறுபுறம் ஆள் இருக்கிறார் அல்லவா? அனுமதிக்கப்பட்ட முகவரிகளின் பட்டியலில் 10.0.2.2 இல்லாததால் ஜாங்கோ தடுத்திருந்தது. அதைச் சேர்த்ததும் சொற்கள் வந்தன. மாணவியை அழைத்து மன்னிப்புக் கேட்டோம் என்று எழுதினால் அந்தப் பன்மை பொய்யாகும். கேட்க வேண்டியவர் ஒருவரே, கேட்டவரும் அவரே.

பெரியவர் வீட்டில் இணையம் இல்லை. உண்மையான கைப்பேசிக்கு 10.0.2.2 பொருந்தாது. எனவே கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, 'ஏடிபி ரிவர்ஸ்' என்னும் கட்டளையைக் கொடுத்தோம். கைப்பேசி தன் 8000-ஆம் வாயிலைத் தட்டினால், அந்த அழைப்பு கம்பி வழியே கணினியின் வாயிலுக்குச் சென்று சேரும். பழைய 127.0.0.1 இப்போது வேலை செய்தது.

மாணவி ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், 'தார்: மாலை' என்றதும் கையை உயர்த்தினார்.

"ஏனுங்க சார், தார்னா மாலைங்களா? நாடாவுக்குள்ள வெக்கிற நூல் சுத்துன குச்சிங்க அது."

சங்கப் பாடல்களில் தார் மாலைதான். தெரிந்த சொல்தானே என்று அவரைக் கேளாமலே அந்தப் பொருளை எழுதியவர் தமிழாசிரியர். தறிமேட்டில் நின்று சொல்ல வேண்டிய 'இங்கே'யை வகுப்பறையில் நின்று சொல்லியிருக்கிறோம். எமுலேட்டர் செய்ததும் அதே பிழைதான். அதற்கு மூன்று இரவுகள் கோபித்துக்கொண்டோம்.

மாணவி அங்கேயே மடிக்கணினியில் திருத்தினாள். கைப்பேசியில் மீண்டும் தேடி, புதிய பொருளைப் படித்தாள்.

"இப்பச் சரிங்க. அடுத்தது படி கண்ணு," என்றார் பெரியவர்.