தண்ணீர் வந்த வழி

மரப் போட்டில் தண்ணீர் ஊறத்தான் செய்யும். மல்லிப்பட்டினத்தில் அதை யாரும் புகாராகச் சொல்வதில்லை. கடலுக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, வலை வாங்கும்போது ஒரு தடவை, கரை பிடித்ததும் ஒரு தடவை பம்பைப் போட்டு இறைத்துவிட்டால் தீர்ந்தது. அந்தக் கணக்கு மாறும்போதுதான் ஓனருக்குத் தூக்கம் கெடுகிறது. நான் பார்க்கப் போன போட்டில் அது மாறிப்போயிருந்தது. துறையில் சும்மா கட்டிக் கிடக்கும்போதுகூட ராத்திரியில் எழுந்து இறைக்கவேண்டியிருக்கிறது என்றார் டிரைவர். எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மரப் போட்டு கட்டிப் பழுதுபார்க்கும் தச்சர்களான ஓடாவிகளுக்குக் கை ஒழியாத காலமும் அதுதான். பாக் நீரிணையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. வற்றத்தில் போட்டைத் தரைதட்ட விட்டு அடியைப் பார்த்துக்கொள்ளும் வசதி இங்கே இல்லை. கிரேன் வைத்துத் தூக்கித்தான் ஆகவேண்டும். முதலில் கரையேற்றுவோம், பிறகு தேடுவோம் என்றுதான் ஓனர் நினைத்திருந்தார். அவர் கூப்பிட்டிருந்த ஓடாவி ஒத்துக்கொள்ளவில்லை.

"மேல ஏத்திட்டா ஊறல் நின்னுபோகும் தம்பி. நின்னுபோனத எங்கே போயித் தேடுறது?" என்றார் என்னிடம்.

அறுபதைத் தாண்டியவர். அப்பாவிடம் தொழில் படித்தவர். எஞ்சின் அறைக்குள் குனிந்து இறங்கி, அடியில் கிடந்த கருத்த தண்ணீரில் விரலை விட்டு, டீசல் மிதக்காத இடமாகப் பார்த்துத் தொட்டு, நாக்கில் வைத்துத் துப்பினார். "கரிப்பு" என்றார். எனக்குக் குமட்டியது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

போட்டுக்குள் சேர்வதெல்லாம் கடல் தண்ணீர் அல்ல. மீன் அறையில் ஐஸ் உருகிக் கசிவது உண்டு. மேல்தளப் பலகைச் சந்து வழியாக மழை இறங்குவதும் உண்டு. அவை கரிக்காது, ஆனால் மரத்துக்கு அவைதான் பெரிய எதிரி. மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சை உப்பில் அவ்வளவாக வளராது, நல்ல தண்ணீரில் செழிக்கும். பழைய போட்டுகளில் பார்த்தால் கடலுக்குள்ளேயே கிடக்கும் அடிப்பலகை கெட்டியாக இருக்கும். மழை இறங்குகிற மேல்பகுதியில், பலகைகளைப் பிடித்திருக்கும் விலாச் சட்டங்களான வங்குகள் பொடிந்திருக்கும்.

கரிப்பு என்று தெரிந்ததும் சந்தேகம் கிளாண்ட் மேல் போயிற்று. விசிறியைச் சுற்றும் ஷாப்ட் அடிக்கட்டையைத் துளைத்து வெளியே போகிற இடத்தில், எண்ணெய் ஊறிய டோரியைச் சுற்றி இறுக்கி வைத்திருப்பார்கள். ஓடும்போது அங்கே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழவேண்டும். டோரிக்கும் ஷாப்டுக்கும் அதுதான் குளிர்ச்சி. ஊறலைக் கண்டு பயந்த யாரோ இந்தப் போட்டில் சொட்டே விழாதபடி நட்டை முறுக்கியிருந்தார்கள். ஷாப்ட் சூடேறி, வரி விழுந்துபோயிருந்தது. ஓடாவி நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, "இது கள்ளனில்ல" என்றார். கிளாண்ட் இறுகியிருந்தும் ஊறல் குறையவில்லையே என்பது அவருடைய நியாயம்.

எஞ்சினுக்குப் பக்கத்தில் எப்போதும் ஈரமாக இருந்த ஒரு பலகைச் சந்தைப் போன வருடமே பஞ்சு அடித்து அடைத்திருந்தார்கள். அதனாலும் பயனில்லை. ஓட்டு வீட்டில் மழை ஒழுகினால், சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்காது. தண்ணீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து சொட்டும். போட்டிலும் அதே கதைதான். வங்கின் பின்னால் புகுந்து, போட்டின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டையின் ஓரமாகவே இறங்கி, தாழ்வான இடத்தில் வந்து தலைகாட்டும். தாழ்வான இடம் பெரும்பாலும் எஞ்சினடி.

அடுத்து நடந்ததைத்தான் ரசித்துப் பார்த்தேன். முழுத் தண்ணீரையும் இறைத்து, மிச்சத்தைச் சாக்கால் ஒற்றி எடுத்தார்கள். வங்குக்கு வங்கு இருக்கிற இடைவெளியில் களிமண்ணை உருட்டி வைத்துச் சின்னச் சின்னதாக வரப்புக் கட்டினார் ஓடாவியின் மகன். தண்ணீர் ஓடுவதற்காக வங்கடியில் விட்டிருக்கும் துளைகளையும் களிமண்ணால் அடைத்தார். ஒவ்வொரு பாத்தியிலும் கோலப்பொடியைத் தூவினார். பிறகு எல்லோரும் மேலே ஏறி டீ குடிக்கப் போய்விட்டார்கள். திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது எஞ்சினடிப் பாத்தி வெள்ளையாகவே இருந்தது. அதற்கு முன்னால் அடுத்தடுத்து இருந்தவையும் அப்படியே. மீன் அறைத் தடுப்பை ஒட்டிய பாத்தியில் மட்டும், ஏராவோடு முதல் பலகை சேரும் ஓரத்தில், பொடி நனைந்து சாம்பல் நிறக் கோடு ஒன்று நீண்டிருந்தது. போன வருடம் பஞ்சு அடித்த இடத்துக்கும் அதற்கும் இரண்டு ஆள் நீளம் இருக்கும்.

ஓடாவி அந்த வங்கில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டார். இனி கிரேன் வரலாம்.

கரையில் கட்டைகள் மேல் உட்காரவைத்து அடிப்பாசியைச் சுரண்டினார்கள். குறி போட்ட இடத்துக்கு நேர் வெளியே பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது. சுத்தியலின் காம்பால் பலகையைத் தட்டிக்கொண்டே போனார் ஓடாவி. கெட்டி மரத்தின் சத்தம் கணீரென்று வந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் அமுங்கிற்று. அங்கே உளியால் கிளறினால், மக்கு பூசி மூடியிருந்த ஆணித் தலை துருவாக உதிர்ந்தது. ஆணியைச் சுற்றி மரமும் கருத்து, விரலால் நசுக்கினாலே பொடியாயிற்று. இரும்பு துருப்பிடிக்கும்போது தன்னைப் பிடித்திருக்கும் மரத்தையும் கெடுத்துவிடும். பக்கத்து ஆணிகளும் அதே கதி.

இந்தப் பலகை கஜாவுக்குப் பிறகு மாற்றியது என்றார் ஓனர். 2018 நவம்பர் 16 அதிகாலை அடித்த அந்தப் புயலில் இந்தத் துறையில் கட்டிக் கிடந்த போட்டுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பலகை வேண்டும், ஆணி வேண்டும், ஆள் வேண்டும். கிடைத்த ஆணியை அடித்தார்கள். முலாம் சரியில்லாத ஆணி உப்புத் தண்ணீரில் எத்தனை வருடம் தாங்கும்?

ஆணி போனதால் பலகை வங்கிலிருந்து மயிரிழை விலகியிருந்தது. சந்தில் பஞ்சு இருந்தது, பஞ்சை அழுத்திப் பிடிக்கப் பலகை இல்லை. இந்த நிலையில் இன்னும் பஞ்சைத் திணித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஆப்பு அடிச்ச மாதிரிதான். பலகை இன்னும் வெளிய வந்துரும்" என்றார். முதலில் பழைய துளைகளில் மரமுளை அடித்து அறுத்தார். கொஞ்சம் தள்ளிப் புதிதாகத் துளைபோட்டு, நன்றாக முலாம் பூசிய போல்ட்டால் பலகையை வங்கோடு இழுத்துக் கட்டினார். அதற்குப் பிறகுதான் சந்தில் பஞ்சு அடிக்கும் கலப்பத்து வேலை.

பழைய பஞ்சைக் கொக்கியால் இழுத்தெடுத்துச் சந்தைத் துடைத்தார்கள். புதுப் பருத்திப் பஞ்சைத் தொடையில் வைத்துத் திரித்து, எண்ணெய் காட்டி, சந்தில் சின்னச் சின்ன மடிப்பாக வைத்து, கலப்பத்து உளியால் செருகி, கொட்டாப்புளியால் தட்டினார் ஓடாவி. கண்ணைவிடக் காதுதான் அவருக்கு உதவுகிறது போலும். சத்தம் மாறியதும் நிறுத்திவிடுவார். மகன் இன்னும் இரண்டு தட்டுத் தட்டப் போனபோது அதட்டினார். வெயிலில் காய்ந்த பலகை இப்போது சுருங்கியிருக்கிறது. கடலில் இறங்கியதும் ஊதும். ஊதுவதற்கு இடம் விடாமல் பஞ்சை இறுக்கிவிட்டால், ஊதுகிற பலகை ஆணியைப் பிடுங்கும், வங்கை நெரிக்கும். மே மாத வெயிலில் சந்துகள் அதிகம் வாய் பிளந்துவிடாமலிருக்கத் தென்னங்கீற்று கட்டி, சாக்குப் போட்டு, காலையும் மாலையும் கடல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பஞ்சுக்கு மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிக் குழைத்துப் பூசினார்கள்.

ஓனருக்கு இத்தனை பாடும் சலிப்பாக இருந்தது. அடி முழுக்க ஃபைபர் ஒட்டிவிட்டால் என்ன என்று கேட்டார். பல துறைகளில் அப்படிச் செய்கிறார்கள். புது மரத்தில், நன்றாகக் காயவைத்துச் செய்தால் பலன் இருக்கலாம். வருடக்கணக்காக உப்புத் தண்ணீர் குடித்த மரத்தின் மேல் ஒட்டினால், உள்ளே இருக்கும் ஈரம் உள்ளேயே நின்று ஆணியை அரிக்கும். மரம் அசைகிறபோது ஃபைபர் விட்டுப்போகும். ஊறலை வெளியே தெரியாமல் மறைப்பதற்குக் காசு கொடுப்பதாகத்தான் எனக்குப் பட்டது. ஓடாவி பதில் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அடுத்த வருடமும் வேலை வேண்டுமே என்று ஓனர் சிரித்தார்.

இறக்குவதற்கு முன் போட்டுக்குள்ளேயே குழாயைப் போட்டுத் தண்ணீர் நிரப்பி, வெளியே எங்காவது முத்துக் கட்டுகிறதா என்று பார்த்தார்கள். புதுச் சந்து காய்ந்தே இருந்தது. வேறிடத்தில் ஒரு முளை கசிந்தது, அதையும் சரிசெய்தார்கள். ஆனாலும் கடலில் இறக்கிய முதல் ராத்திரி தண்ணீர் வரத்தான் செய்தது, எல்லாச் சந்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக. பலகை ஊதும் வரை அப்படித்தான். அந்த ராத்திரிகளில் போட்டில் ஆள் படுத்தே ஆகவேண்டும். மரப் போட்டை ஆளில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது இந்தக் கரைக்குத் தெரியும்: இலங்கைக் கடற்படை பிடித்துப்போய்க் கட்டிப்போட்டவற்றில் பல, இறைக்க ஆளில்லாமலே பாழாயின.

ஊறல் குறைந்து பழைய கணக்குக்கு வந்த பிறகு கூலிப் பேச்சு வந்தது. பஞ்சு அடித்த சந்து எத்தனை அடி என்று ஓனர் டேப்பை நீட்டினார். நீளம் கொஞ்சம்தான். தேடுவதற்குப் பிடித்த நேரம் அந்த டேப்பில் வரவில்லை. போல்ட், முளை வேலைக்கு என்று கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தார். ஓடாவி எண்ணிப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டார். அடுத்து நின்ற போட்டின் ஓனரிடம் அவர் முதல் நாளே நாள் கூலி என்று பேசி முடித்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.