இயந்திரத்துக்குப் பக்கத்தில் யார்?

பினாங்கிலிருந்து மதுரைக்கு வருகிற எவருக்கும் முதல் வியப்பு மீனாட்சி கோயிலின் கோபுரங்கள்தான். எனக்கு இரண்டாவது வியப்பைத் தந்தது உள்ளங்கையில் அடங்கும் சுடுமண் வட்டு. வைகைக்கரைக் கீழடியில் 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்களியில் கோத்துச் சுழற்றினால் பஞ்சு நூலாகும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கையின் வேலையைக் கருவி பகிர்ந்துகொண்டிருக்கிறது! 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதே நூற்பு, ஆலையாக மதுரைக்குள் வந்தது. ‘ஹார்வி மில்’ என்று ஊர் இன்றும் சொல்லும் அந்த ஆலைக்குக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு வந்தார்கள்.

தை மாதம் என்பதால் மேலூர்ப் பக்கம் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கேரளத்தை நோக்கி ஓடும் பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து 1895-இல் கிழக்கே திருப்பினார் பொறியாளர் பென்னிகுயிக். அந்தத் தண்ணீரில் விளைந்த நெல் கண்ணுக்கெட்டிய வரை முற்றிக் கிடந்தது. கதிர் அறுக்கும் மெஷின் வயலுக்குள் இறங்கியது. வரப்பில் நான் நின்றிருந்த நேரத்துக்குள்ளேயே நெல் வேறு, வைக்கோல் வேறு ஆகிவிட்டது. அறுத்து, கட்டுக்கட்டி, களத்தில் அடித்துத் தூற்றிய கைகள் எங்கே? “மெஷினு வந்துட்டா எங்களுக்கு என்ன வேலை தம்பி? நூறு நாள் வேலை வந்தா போவோம்” என்றார் வரப்பில் நின்ற ஒரு அம்மா. மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது மறுதொழில் தெரியாமல் வெளியேறிய எங்கள் முன்னோர் நினைவுக்கு வந்தார்கள்.

மறுநாள் அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைக் கொண்டே கண்புரை அறுவை சிகிச்சை செய்தவர் அவர். அனுமதி பெற்று அறுவை அறையைப் பார்த்தேன். அடுத்தடுத்து இரண்டு மேசைகள். ஒரு கண்ணை முடித்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அடுத்த மேசைக்குத் திருப்புகிறார். அங்கே அடுத்த நோயாளி தயாராக இருக்கிறார். தயார் செய்பவர்கள் ‘சிஸ்டர்கள்’: பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து இரண்டாண்டு பயிற்சி தந்து உருவாக்கப்பட்டவர்கள். தொழிற்சாலையின் ஒழுங்கைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்ததால் ஒரு மருத்துவரால் ஆண்டுக்கு 2,000 அறுவை சிகிச்சை வரை செய்ய முடிகிறது.

நூறு டாலர் அளவில் இறக்குமதியான, கண்புரை அறுவையில் பொருத்தும் உள்விழி லென்ஸை, அரவிந்த் 1992-இல் தொடங்கிய ஆரோலேப் இங்கேயே செய்து சில டாலர்களுக்குக் கொண்டுவந்தது. அங்கும் இயந்திரத்தருகே பெரும்பாலும் பெண்கள்தான். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே கண்டறியும் செயற்கை நுண்ணறிவைக் கூகுள் உருவாக்கியபோது, 1,28,175 படங்களைக் கொண்டு அதற்குப் பயிற்சி தந்தார்கள். அவற்றில் அரவிந்தின் படங்களும் உண்டு. 2016-இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. 2019-இல் மதுரையிலேயே அந்தச் செயற்கை நுண்ணறிவு நோயாளிகளின் படங்களைப் பார்க்கத் தொடங்கியது. படம் எடுக்கும் கருவிக்கு முன்னால் நோயாளியை உட்காரவைத்து, தாடையை நிமிர்த்தி, பயப்படாதீர்கள் என்று சொல்ல ஆள் வேண்டும். நோய் என்று தெரிந்தபின் சிகிச்சைக்கும் ஆள் வேண்டும். பார்வை இழக்கும் நிலையில் இருப்போர் அத்தனை பேர். கருவி வேகமாகப் பார்க்கப் பார்க்க, மனிதர்களுக்கு வேலை கூடுகிறது.

மேலூரிலும் அண்ணா நகரிலும் இருப்பவை ஒரே காலத்தின் இயந்திரங்கள். இரண்டும் வேகத்தைக் கொண்டுவந்தன. ஒன்று தன் பக்கத்தில் யாருக்கும் இடம் வைக்கவில்லை. மற்றொன்றின் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பெண்ணை நிறுத்த யாரோ முன்கூட்டியே யோசித்து, இரண்டாண்டு பயிற்சிக்குச் செலவழித்தார்கள். முன்னேற்றம் என்று நான் நம்புவது அந்த இரண்டாண்டைத்தான். மெஷின் வாங்க மானியம் தரும் அரசு, அரிவாளைக் கீழே வைத்தவர்களின் மறுதொழிலுக்கும் அதே கணக்கில் பணம் ஒதுக்க வேண்டும்.