மெதுவாகப் போகச் சொல்லும் தீவு

பயணம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இடப்பெயர்வுதான். கையில் அகப்பட்டதைப் பையில் திணித்துக்கொண்டு, வீட்டைப் பூட்டவும் நேரமில்லாமல் ஓடிய பயணங்கள். நானும் அப்படி ஓடியவள். அதனால்தானோ என்னவோ, எவரும் துரத்தாமல் நானாக ஒரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு புறப்பட எனக்கு நீண்ட காலம் எடுத்தது. போன இடமும் வெகு தூரம். மத்திய அமெரிக்காவில் பெலிஸ் என்றொரு சிறிய நாடு இருக்கிறது. அங்குள்ள பெலிஸ் நகரிலிருந்து சுமார் 32 கிலோமீற்றர் தள்ளிக் கரிபியன் கடலில் கிடக்கும் கீ கோக்கர் தீவுக்குத்தான் போனேன்.

சகோதரிகளே, அந்தத் தீவைப் பற்றி மட்டுமல்ல, அங்கே போன பாதையைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

மெக்சிக்கோவின் கன்கூன் நகரில் இறங்கி அங்கிருந்து பஸ் எடுத்தேன். எல்லை நகரமான செற்றுமால் வரை கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம். இருபுறமும் பற்றைக்காடு. செற்றுமாலுக்குச் சற்று முன்னால் பக்கலார் என்ற ஊர் வருகிறது. நீலத்தில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் தெரியும் நீண்ட ஏரி ஒன்று அங்கே இருக்கிறது. அதன் கரையில் பழைய கற்கோட்டை. உல்லாசப் பயணிகள் படம் எடுக்கும் அந்த ஊருக்கு ஒரு துயரக் கதை உண்டு.

1847 இல் அந்த யுக்கற்றான் குடாநாட்டில் போர் மூண்டது. நிலத்தைப் பறிகொடுத்து, வரியாலும் கடனாலும் கூலிகளாக்கப்பட்ட மாயா மக்கள் ஆட்சியாளருக்கு எதிராக எழுந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அது ஓயவில்லை. பக்கலார் கைமாறியபோது அங்கிருந்த கலப்பினக் குடும்பங்கள் தெற்கே ஓடின. பின்னர் படைகள் முன்னேறியபோது மாயாக்களும் ஓடினார்கள். இரு தரப்புச் சனங்களும் கடந்தது றியோ ஹொண்டோ என்ற ஒரே ஆற்றைத்தான். ஆற்றுக்கு அப்பால் இருந்தது அன்றைய பிரித்தானிய ஹொண்டுராஸ், இன்றைய பெலிஸ். 1981 இல்தான் அது சுதந்திரம் பெற்றது.

நான் அந்த ஆற்றைக் கடந்தது பாலத்தின் மேலால். கடவுச்சீட்டில் முத்திரை குத்தினார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஓடுவது அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்துபோன பழைய பஸ்கள். ஸ்பானிய மொழி குறைந்து ஆங்கிலமும் கிறியோல் பேச்சும் காதில் விழத் தொடங்கின. முதலில் வரும் கொறோசால் நகரம் அந்த அகதிகள் அமைத்ததுதான். வழியெல்லாம் கரும்பு. பெலிஸில் கரும்புச் செய்கையை வளர்த்தவர்களும் அவர்களே. வெறுங்கையோடு வந்தவர்கள் கைத்தொழிலையாவது கொண்டு வந்திருக்கிறார்கள்.

படகில் 50 நிமிடம்

பெலிஸ் நகரத் துறையில் வேகப்படகு நின்றது. முதுகுப்பைக்காரர் பாதி, தீவுச் சனம் பாதி. முட்டைத் தட்டுகள், அரிசி மூட்டை, ஒரு பிள்ளையின் புதுச் சைக்கிள் எல்லாம் எங்களோடு ஏறின. படகின் இயந்திரச் சத்தம் கேட்டதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. இரவில் விளக்கில்லாமல் கடல் கடந்த ஞாபகம். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியைத் தந்தார். அதைத் தின்று முடிக்கையில் கடல் பச்சையாகிவிட்டிருந்தது.

கீ கோக்கர் சுமார் எட்டுக் கிலோமீற்றர் நீளம். அகலமோ மிகக் குறைவு. தெருக்கள் மணல். மோட்டார் கார் இல்லை. சைக்கிளும் சிறு மின்வண்டிகளும்தான். ‘மெதுவாகப் போ’ என்று பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதுதான் தீவின் தாரக மந்திரம். கிழக்கே சற்றுத் தூரத்தில் பவளப்பாறைத் தொடர் அலையைத் தடுத்து நிற்பதால் கரையில் இரைச்சல் இல்லை. அவுஸ்திரேலியாவின் பெருந்தொடருக்கு அடுத்த பெரிய பவளத் தொடரின் ஒரு பகுதி இது. 1996 இல் உலக மரபுரிமை இடமானது. எண்ணெய் தோண்டும் அபாயம் வந்தபோது மக்கள் எதிர்த்தார்கள். 2017 இன் இறுதியில் கடலில் எண்ணெய் அகழ்வதை நிறுத்திச் சட்டம் வந்தது.

சோம்பல் அல்ல

இவ்வளவு ஆறுதலாக இருக்கும் சனம் கஷ்டம் அறியாதவர்கள் என்று நினைத்தேன். தவறு. தீவில் குடியேறியவர்களும் யுக்கற்றான் போருக்குத் தப்பியவர்களே. 1870 அளவில் அவர்களில் ஒருவர் இத்தீவை விலைக்கு வாங்கினார். தென்னை வைத்தார்கள், மீன் பிடித்தார்கள்.

1961 ஒக்ரோபர் 31 இல் ஹற்றி என்னும் சூறாவளி அடித்தது. பெலிஸில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். தலைநகரையே உள்நாட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. இத்தீவிலும் வீடுகள் போயின, பிள்ளைகள் போனார்கள். தீவின் நடுவே கடல் ஒரு வெட்டு வெட்டியது. அந்த வெட்டைத் தீவார் பின்னர் ஆழமாக்கி வள்ளம் போகும் வழியாக்கினார்கள். இன்று பயணிகள் நீந்திக் களிக்கும் இடம் அதுதான். கரையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இங்கே சிங்கி இறால் பிடிப்பதே பெருந்தொழிலாக இருந்தது. முன்பு வாங்குவோர் சொன்னதே விலை. 1960 இல் மீனவர் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே ஏற்றுமதி செய்யத் தொடங்கிய பிறகுதான் உழைப்புக்கு உரிய காசு வீடு வந்தது. ஆண்டில் நான்கு மாதம் சிங்கி பிடிக்கத் தடை. கடலுக்கும் ஓய்வு வேண்டுமல்லவா?

1970களில் முதுகுப்பைக்காரர் வரத் தொடங்கியபோது, வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்துப் பெண்களும் சம்பாதித்தார்கள். சாப்பாடு நமக்கு அந்நியமில்லை. சிவப்பு அவரையும் அரிசியும் தேங்காய்ப்பாலில் ஒன்றாக வேகும். மேசைதோறும் மிளகாய்ச் சாறு ஒரு போத்தல். மறீ ஷார்ப் என்ற பெலிஸ் பெண், தோட்டத்தில் மிஞ்சிய மிளகாயோடு கரட்டைச் சேர்த்துத் தன் குசினியில் தொடங்கியது அது. முதலில் விற்ற வியாபாரப் பெயரை வெளிநாட்டு விநியோகத்தாரிடம் இழந்தார். சோர்ந்துவிடாமல் தன் சொந்தப் பெயரையே போத்தலில் ஒட்டி மறுபடி தொடங்கினார். இன்று அது உலகெங்கும் போகிறது.

குறையும் உண்டு. சில மாதங்களில் கடற்பாசி கரையில் குவிந்து அழுகி நாறுகிறது. நிலத்தின் விலை ஏறி, உள்ளூர்ப் பிள்ளைகள் வீடு கட்டக் காணி தேடி அலைகிறார்கள்.

முதல் இரவு, பையிலிருந்த உடுப்புகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சுவர் ஆணியில் மாட்டினேன். முகாம் நாட்களில் நாங்கள் பையை முழுதாக அவிழ்ப்பதே இல்லை. பாதி எப்போதும் கட்டியே இருக்கும். பல வருடங்களுக்குப் பின் அன்றுதான் என் பை அடிவரை வெறுமையாயிற்று. அதைத் தலைமாட்டில் வைக்காமல் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டுத் தூங்கினேன்.

ஓடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அங்கே ‘மெதுவாகப் போ’ என்கிறார்கள். நமக்கும் அது ஆகும், சகோதரிகளே. அதற்குக் கரிபியனுக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்துக் கடற்கரை போதும். பையை நீங்களே, ஆறுதலாக அடுக்குங்கள்.