ஒன்றரை மீட்டர் இடைவெளி

வானொலியில் காலை நிகழ்ச்சி படைப்பவர்களுக்கு மற்றவர்கள் தூங்கும் நேரத்திலேயே நாள் தொடங்கிவிடும். பாசிர் ரிஸ் வீட்டிலிருந்து நான் காரை எடுக்கும்போது மணி நாலே முக்கால். சாலை முழுக்க எனக்கே சொந்தம் என்று தோன்றும் நேரம் அது. அந்த நினைப்புதான் என்னை ஏமாற்றியது.

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில், விரைவுச்சாலையை நோக்கி இடப்பக்கம் திரும்பினேன். சிக்னல் போட்டேனா என்று இன்றுவரை உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. பக்கக் கண்ணாடியை ஒரு நொடி பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது காருக்கு வெகு அருகில் யாரோ கத்தும் சத்தம். பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினேன்.

சாலையோரப் புல்லில் சைக்கிளோடு ஓர் இளைஞர் விழுந்து கிடந்தார். கார் அவர்மேல் படவில்லை. மோதாமல் இருக்க அவரே புல்லுக்குள் சைக்கிளைத் திருப்பி விழுந்திருக்கிறார். முழங்கை உராய்ந்து ரத்தம் கசிந்தது. “சாரி மேடம், சாரி மேடம்” என்றவர், என் வாயிலிருந்து வந்த “ஐயோ”வைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

“தப்பு என் மேலதான் அக்கா. சைக்கிள்ல லைட்டு இல்ல.”

மருத்துவரிடம் போகலாம் என்றேன். வேண்டாம், வேலைக்கு நேரமாகிவிட்டது என்றார். ஊர் புதுக்கோட்டைப் பக்கமாம். தங்குவிடுதியிலிருந்து கட்டுமானத் தளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் தலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் அவரைக் கண்டிருப்பேன். அதை அவரிடம் சொல்லாமல், “பத்திரமா போங்க தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

அன்று எட்டு மணிக்கு, முந்தைய வாரமே பதிவு செய்து வைத்திருந்த ஒரு கலகலப்பான துண்டு ஒலியேறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகச் சாலையை அடைத்துக்கொண்டு போகும் சைக்கிளோட்டிகளை நானும் சக படைப்பாளரும் கிண்டலடிக்கும் பகுதி அது. என் குரலை என்னாலேயே கேட்க முடியவில்லை.

அடுத்த மாதம் தம்பியின் சைக்கிளை இரவல் வாங்கினேன்.

முதல் சில வாரங்கள் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கிலேயே ஓட்டினேன். அங்கிருந்து சாங்கி கடற்கரைப் பூங்கா வரை பூங்கா இணைப்புப் பாதையிலேயே போய்விடலாம். பிள்ளைகளோடு போக நினைப்பவர்களுக்கு அதுதான் நல்ல தொடக்கம். 2020ல் திறக்கப்பட்ட சாங்கி விமான நிலைய இணைப்புப் பாதையும் உண்டு. 3.5 கிலோமீட்டர் தூரமுள்ள அந்தப் பாதையில் டைனோசர் உருவங்களைப் பார்த்தபடியே இரண்டாம் முனையம் வரை போகலாம்.

“இவ்வளவு நல்ல பாதை இருக்கும்போது இவர்கள் ஏன் சாலைக்கு வருகிறார்கள்?” என்பது நான் காரில் உட்கார்ந்து பலமுறை கேட்ட கேள்வி. ஓட்டிப் பார்த்ததும் பதில் கிடைத்தது. சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் பொதுவான பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். நடைபாதையில் 10. பந்தய வகை சைக்கிளில் பழகியவர்கள் 30க்கு மேல் எளிதாகப் போவார்கள். பிள்ளைகளும் தாத்தா பாட்டிகளும் நடக்கும் பாதையில் அந்த வேகம் ஆபத்து. அவர்களுக்குச் சாலைதான் சரியான இடம். விரைவுச்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

மூன்றாம் மாதம், ஒரு ஞாயிறு காலை, ஐந்து பேர் கொண்ட குழுவோடு முதன்முதலாகச் சாலையில் இறங்கினேன். குழுவை வழிநடத்தியவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அறுபதைத் தாண்டியவர். எல்லாருக்கும் அவர் ‘அண்ணன்’.

கிளம்புவதற்கு முன் என் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். சாலையில் தலைக்கவசம் 2019 முதல் கட்டாயம். அது என்னிடம் இருந்தது. இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கோ சிவப்புப் பிரதிபலிப்பானோ வேண்டும். விளக்குகளும் இருந்தன. “பிரதிபலிப்பான் மேல வெளிச்சம் பட்டாதாம்மா தெரியும். விளக்கு தானாவே தெரியும். அதனால விளக்கே போடு” என்றார்.

தானா மேரா கோஸ்ட் ரோட்டில் ஏறினோம். விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதைக்காகப் பழைய சாங்கி கோஸ்ட் ரோடு 2017ல் மூடப்பட்டபோது அதற்கு மாற்றாக வந்த சாலை இது. இடப்பக்கம் விமான நிலைய வேலி, வலப்பக்கம் கடல் இருக்கும் திசை. காரில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். மேடு எது, பள்ளம் எது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்தது.

அப்போது ஒரு லாரி எங்களைக் கடந்தது.

சத்தம் முதலில் வந்தது. பிறகு காற்று என்னை ஓரமாகத் தள்ளியது. லாரியின் பின்பகுதி கடக்கும்போது அதே காற்று என்னை அதன் பக்கமாக இழுத்தது. கைப்பிடி ஆடியது. லாரி ஓட்டுநர் எந்த விதியையும் மீறவில்லை. கொஞ்சம் நெருக்கமாக வந்தார், அவ்வளவுதான். அந்தக் ‘கொஞ்சம்’ காருக்குள் இருந்தபோது எனக்குப் புரிந்ததே இல்லை.

சைக்கிளைக் கடக்கும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது வாகனமோட்டிகளுக்கு இங்கே சொல்லப்படும் வழிகாட்டல். கார் கதவை முழுதாகத் திறந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அதைவிடச் சற்று அதிகம். சைக்கிளோட்டி நேர்கோட்டில் போவதில்லை. குழி வந்தால் விலகுவார், காற்று அடித்தால் ஆடுவார். இடைவெளி அதற்காகத்தான். தடத்துக்குள் அந்த இடம் இல்லையென்றால், அடுத்த தடம் காலியாகும் வரை பின்னால் பொறுத்திருப்பதுதான் வழி.

நிக்கல் டிரைவில் விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழப் பறந்து இறங்கியது. கடற்கரைப் பூங்காவில் கூடாரம் போட்டிருந்த குடும்பங்கள் கையசைத்தன. சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தை அடைந்தபோது எனக்கு நாசி லெமாக்கைத் தவிர வேறு நினைப்பில்லை.

சாப்பிட உட்கார்ந்ததும் என் பழைய கேள்வியை அண்ணனிடம் கேட்டேன். “ஏன் ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்து போறீங்க? ஒருத்தர் பின்னால ஒருத்தர் போனா என்ன?”

அவர் தட்டிலிருந்த நிலக்கடலைகளில் பத்தை எடுத்து மேசையில் ஒரே வரிசையாக வைத்தார். பிறகு அவற்றையே ஐந்து ஜோடியாக வைத்தார். “இப்ப சொல்லு. எதைத் தாண்ட உன் காருக்கு நேரம் கம்மி?”

வரிசை பாதியாகக் குறைந்திருந்தது. 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள விதியும் இதைத்தான் சொல்கிறது. ஒரு குழுவின் நீளம் ஐந்து சைக்கிளைத் தாண்டக்கூடாது. ஒற்றை வரிசை என்றால் ஐந்து பேர், இருவர் இருவராக என்றால் பத்துப் பேர். ஒரே திசையில் குறைந்தது இரண்டு தடங்கள் இருக்கும் சாலைகளில், பேருந்துத் தடம் நடப்பில் இல்லாத நேரத்தில்தான் இருவர் சேர்ந்து போகலாம். மீறினால் 150 வெள்ளி அபராதம். ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடையே இரண்டு விளக்குக் கம்ப தூரம், அதாவது ஏறக்குறைய 30 மீட்டர் இருக்கவேண்டும் என்பது பரிந்துரை. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்தத் தூரத்தை இரண்டு விநாடிக்குள் கடந்துவிடும்.

“எங்க ஆளுங்களும் ஒழுங்கா இருக்கணும்” என்றார் அண்ணன். “சிவப்பு விளக்குல நிக்காம போறவன், பத்துப் பேருக்குக் கெட்ட பேரு வாங்கித் தர்றான்.”

பேருந்து ஓட்டிய காலத்தைப் பற்றிக் கேட்டேன். சைக்கிளோட்டிகள் மறக்கக்கூடாத ஒன்றைச் சொன்னார். பெரிய வாகனம் இடப்பக்கம் திரும்பும்போது, அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்தில் போவதில்லை. ஓரத்தை ஒட்டி உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த மூலையில் நிற்பவர் ஓட்டுநரின் கண்ணுக்கே தெரியமாட்டார். “கண்ணாடியில ஓட்டுநரோட முகம் உனக்குத் தெரியலைன்னா, அவருக்கும் உன்னத் தெரியாது. பின்னாலயே நில்லு.”

கார் ஓட்டுபவர்களுக்கும் ஒன்று சொன்னார். சாலையோரம் நிறுத்திவிட்டு இறங்கும்போது கதவை வலக் கையால் திறக்காமல் இடக் கையால் திறக்கவேண்டும். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். வீட்டில் பிள்ளைகளுக்கும் பழக்கிவிடலாம். இடப்பக்கம் உட்காருபவர்கள் வலக் கையால் திறக்கவேண்டும்.

கோப்பி வந்தபோது அந்த விடியற்காலையைப் பற்றி அண்ணனிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை.

“நாம ஞாயித்துக்கிழமை ஆசைக்கு ஓட்டுறோம்” என்றார் பிறகு. “அந்தத் தம்பி திங்கள்லேருந்து சனி வரைக்கும் வேலைக்காக ஓட்டுறார். பளபளன்னு சட்டை போட்ட நம்மளத்தான் எல்லாரும் திட்டுறாங்க. அவர யாரும் திட்டுறது இல்ல. ஏன்னா யாரும் பாக்குறதே இல்ல.”

அடுத்த நாள் திங்கட்கிழமை. நிகழ்ச்சியில் சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது, அந்தக் கதையை மறைக்காமல் சொன்னேன். அவரிடம் விளக்கு இல்லாதது உண்மை, நான் திரும்பிப் பார்க்காததும் உண்மை என்றேன். அன்று அவரிடம் சொல்லாத மன்னிப்பை ஒலிவாங்கியில் சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியாது.

நேயர்களின் அழைப்புகள் வந்தன. சிலர் சைக்கிளோட்டிகளைக் குறை சொன்னார்கள், சிலர் லாரிகளை. ஏழேகாலுக்கு ஓர் அழைப்பு. பின்னணியில் இயந்திரச் சத்தம். குரலில் கொஞ்சம் தயக்கம்.

“அக்கா, சைக்கிளுக்கு முன்னாடி போடுற லைட்டு தேக்காவுல கிடைக்குமா? என்ன விலை வரும்? எங்க ரூம்ல நாங்க ஆறு பேரு ஓட்டுறோம்.”

எனக்கு விலை தெரியவில்லை. செய்திக்குப் பிறகு சொல்கிறேன் என்றேன். செய்தி முடிவதற்குள் நேயர்களிடமிருந்து பதினொரு குறுஞ்செய்திகள் வந்துவிட்டன. அவற்றில் நான்கு, விலை சொல்ல வந்தவை அல்ல. அந்தத் தம்பிகள் எந்த விடுதியில் இருக்கிறார்கள் என்று கேட்டு வந்தவை.