வீடு தேடும் துறவி

துறவி என்றால் வீட்டைத் துறந்தவன் என்பது பொருள். ஆனால், வீட்டைத் துறவாதது மட்டுமன்றி, அதனை முதுகிலேயே சுமந்து திரிகின்ற ஒரு சிற்றுயிருக்கு உலகத்தார் துறவி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். துறவி நண்டையே குறிப்பிடுகிறோம். ஆங்கிலேயரும் இதனைத் துறவி என்றே அழைக்கின்றனர். இதன் தரைவாழ் இனத்துக்கு விஞ்ஞானிகள் இட்டிருக்கும் ‘சீனோபிட்டா’ என்ற பெயருக்கும் மடத்துத் துறவி என்பதே பொருள். மலாய் மக்கள் மட்டும் இத்தகைய பட்டம் ஏதும் கொடாமல் ‘உமாங் உமாங்’ என்கிறார்கள்.

இந்த நண்டுக்குத் தலையும் கால்களும் கொடுக்குகளுமே கடினமானவை. வயிற்றுப் பகுதியோ மெத்தென்று, வலப்புறமாகச் சுருண்டு, எந்தப் பகைக்கும் எளிதில் இரையாகும் தன்மையது. ஆதலால், இறந்த கடல் நத்தைகள் விட்டுச் சென்ற வெறுஞ்சங்குகளிலே அது குடியேறுகிறது. உடல் வளர வளரச் சங்கு சிறுக்கும். சிறுக்கவே வேறு சங்கு தேடும். பிறந்தது முதல் இறக்கும் வரை வீட்டைப் பற்றிய கவலையை விடாத இப்பிராணியைத் துறவி என்பதைவிடக் குடும்பஸ்தன் என்று அழைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்!

இரவுச் சந்தைக்குச் செல்லும் அன்பர்கள் இதனை அறிவர். சங்குகளின் மேல் சிவப்பும் நீலமும் பூசி, கம்பிக் கூண்டிலே குவித்து வைத்து விற்பார்கள். குழந்தைகள் கேட்பார்கள், பெற்றோர் வாங்கிக் கொடுப்பார்கள். பெரும்பாலானவை சில வாரங்களில் இறந்துவிடும். தக்க ஈரமும், மண்ணும், உப்பு நீரும் கிடைத்தால் பல்லாண்டு வாழக்கூடிய உயிர் இது என்பதை வாங்குவோரும் அறியார், விற்போரும் சொல்லார்.

நமது இல்லத்துக்கு இவை வந்தது சந்தை வழியாக அன்று. தகப்பனார் வேலை ஓய்வு பெற்றமையால் தோட்டத்து வீட்டைக் காலி செய்துகொண்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்துச் சிறுவன், அடுக்கு வீட்டில் இடமில்லை என்று இரண்டு நண்டுகளை நம்மிடம் ஒப்படைத்துச் சென்றான். கால்களின் அடியிலுள்ள துளைகளைக் கொண்டு பார்க்கையில் அவற்றுள் ஒன்று பெண் என்று தெரிந்தது. அப்பொழுது நமக்கு ஒரு கேள்வி பிறந்தது. சந்தையிலே ஆயிரக்கணக்கில் விற்கப்படும் இவற்றின் குஞ்சுகளை எவரேனும் கண்டதுண்டா? கோழி விற்பவனிடம் முட்டை உண்டு. மீன் விற்பவனுக்குக் குளம் உண்டு. துறவி நண்டு விற்பவனுக்கோ கடற்கரை ஒன்றே மூலதனம். அங்கிருந்து அள்ளுவதே தொழில். இவை வீட்டில் எளிதாக இனம் பெருகுவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

ஏன் பெருகுவதில்லை என்று ஆராயப் புகுந்தால் இயற்கையின் விந்தை ஒன்று வெளிப்படுகிறது. தரையிலே வாழும் தாய்க்குக் கடலிலே வளரும் பிள்ளைகள்! சங்குக்குள்ளே, தன் வயிற்றின் பக்கமாக, முட்டைகளை ஆயிரக்கணக்கில் ஒட்ட வைத்துத் தாய் நண்டு ஏறக்குறைய ஒரு திங்கள் சுமக்கிறது. முதலில் செங்கல் நிறமாக இருக்கும் முட்டைகள், கரு வளர வளரச் சாம்பல் நிறமாக மாறுகின்றன. முற்றியதும் தாய் கடலோரம் சென்று அவற்றை நீரில் விடுகிறது. உப்பு நீர் பட்டதும் முட்டைகள் வெடிக்கின்றன. வெளிவரும் உயிரோ நண்டைப் போல் இராது. பெரிய கண்களும் ஒளி ஊடுருவும் உடலும் கொண்டு சின்னஞ்சிறு இறாலைப் போல் நீந்தும். இதற்கு ‘சோயியா’ என்று பெயர். இது பல முறை தோலுரித்து, வாரக்கணக்கில் கடலில் மிதந்து, பின்னர் ‘மெகலோப்பா’ என்னும் இடைப் பருவம் அடைந்து, சிறு சங்கு ஒன்றைத் தேடிப் பூண்டு கரையேறுகிறது. 1962-ம் ஆண்டிலே புரோவென்சானோ என்னும் அமெரிக்க அறிஞர், அந்நாட்டுப் பக்கத்துத் தரைத்துறவி நண்டின் குஞ்சுகளைச் சோதனைச்சாலையில் வளர்த்து, ஒவ்வொரு பருவத்தையும் வரைந்து வெளியிட்டார். சோதனைச்சாலையில் இயன்றது வீட்டில் இயலாதா என்று நாமும் துணிந்தோம்.

முதல் தேவை கடல். நமது தோட்டத்துக்கு அண்மையிலுள்ள கடல், ஆற்று நீரும் சேறும் கலந்தது, குஞ்சுகளுக்கு ஆகாது. சமையல் உப்பைக் கரைத்தாலும் போதாது. கடல் நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பிற உப்புகளும் உண்டு. ஆகவே, அலங்கார மீன் கடைகளில் விற்கும் கடலுப்புக் கலவையை வாங்கி, குளோரின் நீக்கிய குழாய் நீரில், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைத்தோம். உப்பின் அளவைப் பார்க்க மிதவைக் கருவி ஒன்று உண்டு. ரப்பர்ப் பாலின் தரம் பார்க்கும் மெட்ரோலாக்கைக் கண்டிருக்கும் பழைய தோட்டத்து அன்பர்களுக்கு இது புதிதன்று; இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். சூட்டைப் பற்றிக் கவலையே இல்லை. குளிர் நாட்டார் மின்சாரம் செலவிட்டுப் பெறும் 28 பாகை வெப்பத்தை நமது நாடு இலவசமாகவே தருகிறது.

இரண்டாவது தேவை தொட்டி. மூலைகள் உள்ள தொட்டியில் குஞ்சுகள் மூலையிலே குவிந்து ஒன்றை ஒன்று காயப்படுத்திக் கொள்ளும். ஆதலால் உருண்டையான கண்ணாடிப் பாத்திரங்களே ஏற்றவை. மெல்லிய குழாய் வழியாகக் காற்றுக் குமிழிகளைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீர் மெதுவாகச் சுழலும். குஞ்சுகளும் அடியில் படியாமல் மிதந்து கொண்டிருக்கும். குமிழி மிகுந்தால் அவை அடிபடும். குறைந்தால் மூச்சுத் திணறும்.

மூன்றாவது தேவை உணவு. உயிருள்ள, நீந்துகின்ற, குஞ்சின் வாய்க்குள் நுழையத்தக்க உணவு வேண்டும். அதற்கு உதவுவது ஆர்ட்டீமியா என்னும் உவர்நீர்ச் சிற்றுயிர். அமெரிக்காவிலே யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியில் இதன் முட்டைகளை மணல்போல் வாரி, உலர்த்தி, டப்பாவில் அடைத்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். ஆண்டுக்கணக்கில் உயிர் உறங்கும் அந்தத் தூளை உப்பு நீரில் இட்டால் ஒரே நாளில் விழித்து நீந்தும்! மீன் குஞ்சுகளுக்கு இதனை உணவாக்கலாம் என்று 1933-ம் ஆண்டிலே ஆல்வின் சீல் என்பவர் எழுதினார். இன்று நமது நாட்டு இறால் பண்ணைகளும் இதை நம்பி நடக்கின்றன. பொரித்த அன்றே இதனை ஊட்டிவிட வேண்டும். நாள் கடந்தால் அதன் உடலிலுள்ள கொழுப்புச் சத்து குறைந்துவிடும். ஆகவே நாள்தோறும் புதிதாகப் பொரிக்க வேண்டும்.

பெரட்டிலே ஆள் கணக்கெடுத்துச் செக்ரோலில் பதிவது நமது தொழில். வீட்டிலும் அதே தொழிலாயிற்று. விடியுமுன் எழுந்து, இருட்டிலே பாத்திரத்தின் ஒரு பக்கம் கைவிளக்கைக் காட்டினால், ஒளியை நாடும் இயல்புடைய குஞ்சுகள் அப்பக்கம் கூடும். அவற்றை மருந்துச் சொட்டுக் குழாயால் உறிஞ்சி, எண்ணி, புதிய நீருள்ள பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். நாம் பெரட்டுக்குச் சென்ற பின் உணவூட்டுவதும் உப்பை அளப்பதும் நமது துணைவியார் பொறுப்பு. எண்ணிக்கையிலே அவர் நம்மைவிடக் கண்டிப்பானவர்.

முதல் முறை பிறந்தவற்றில் பதினோராம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. கடலிலும் மிகச் சிலவே பிழைக்கும் என்பதை அறிந்திருந்தும், காலைக் கணக்கில் பூஜ்யம் எழுதியபொழுது நமது துணைவியார் அன்று முழுவதும் பேசவில்லை. சில திங்கள் கழித்துத் தாய் நண்டு மீண்டும் கருக்கொண்டது. இம்முறை 300 குஞ்சுகளைத் தனியே பிரித்து, ஐந்து பாத்திரங்களில் வைத்தோம்.

அந்நாட்களில், தோட்டத்திலே நெடுங்காலம் உழைத்து இப்பொழுது மகனோடு இருக்கும் மூதாட்டி ஒருவர் வந்து பார்த்தார். “ஐயா, இது விக்கிறதுக்கா, கறி வைக்கிறதுக்கா?” என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றோம். “அப்ப எதுக்குங்கையா இந்தப் பாடு?” என்றார். நமது துணைவியார் பூதக்கண்ணாடியை அவர் கையிலே கொடுத்து, “நீங்களே பாருங்க பாட்டி” என்றார். அம்மூதாட்டி வெகுநேரம் பார்த்தார். மறுநாள் தாமாகவே வந்தார். அதன் பின் நாள்தோறும் வாயிலில் நின்றே, “இன்னைக்கு எத்தனை பேருங்கையா?” என்று கேட்பது அவர் வழக்கமாயிற்று. எத்தனை குஞ்சு என்று அவர் கேட்கவில்லை. எத்தனை பேர் என்றே கேட்டார்.

பத்தாம் நாள் 88 பேர். இருபதாம் நாள் 31 பேர். தோலுரிக்கும் இரவுகளில் சில இறந்தன. சிலவற்றைப் பசித்த உடன்பிறப்புகளே தின்றன. முப்பத்து மூன்றாம் நாள் ஆறு பேர் மெகலோப்பா ஆயினர். நீந்துவதை விட்டு அடித்தளத்தில் நடந்தனர், கொடுக்கும் முளைத்திருந்தது. நெல்மணியினும் சிறிய சங்குகளை முன்னமே சேர்த்து, கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்து, மணலிலே பரப்பியிருந்தோம். ஒரு குஞ்சு ஒரு சங்கின் வாயை அளந்தது, புரட்டியது, விட்டது. அடுத்ததைத் தடவியது, திரும்பி முதலாவதற்கே வந்தது, கண் இமைக்கும் நேரத்தில் உள்ளே புகுந்தது. பாடம் சொல்ல ஆசிரியர் இல்லை. காட்டிக் கொடுக்கத் தாய் இல்லை. ஆயினும் வீடு என்பது யாது என்று அதற்குத் தெரிந்திருந்தது. அந்த ஆறில் இரண்டு மணற்சரிவில் ஏறிக் கரை சேர்ந்தன.

இனி, இந்த நண்டுகள் நமக்குச் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. ஒரு பெரிய சங்கு கரையில் ஒதுங்கினால், அதில் ஒரு நண்டு குடியேறும். அது விட்ட சங்கிலே அதனினும் சிறியது குடியேறும். அது விட்டதிலே அடுத்தது. இவ்வாறு ஒரு வெற்றிடத்தால் பலர் நன்மை பெறுவதை 1988-ம் ஆண்டிலே ஐவன் சேஸ் முதலியோர் ஆராய்ந்து வெளியிட்டனர். மனிதரின் வீடுகளிலும் உத்தியோகங்களிலும் இத்தகைய சங்கிலி உண்டு என்பதைச் சமூக நூலார் அதற்கு முன்பே கண்டிருந்தனர்.

தோட்டத்திலே இது நாம் கண்ணாரக் காண்பது. பெரிய கிராணியார் ஓய்வு பெற்றால் அடுத்தவர் அந்த இடத்துக்கும் அந்த வீட்டுக்கும் செல்வார். அவர் விட்ட வீட்டுக்கு இளையவர் வருவார். ஆனால் ஒரு பெரும் வேறுபாடு. நண்டின் சங்கிலியிலே முதலில் வெளியேறுவது, தன் சங்கைவிடப் பெரியது கிடைத்ததனால் வெளியேறுகிறது. நமது சங்கிலியிலே முதலில் வெளியேறுகிறவர் எங்கே செல்கிறார்? நமது தந்தையார் 31 ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் பணி செய்து, ஓய்வு பெற்ற திங்களிலேயே சாவியை ஒப்படைத்துவிட்டு, மூத்த மகளின் வீட்டுக் கூடத்திலே பாய் விரித்தார். நண்டுகளை நம்மிடம் விட்டுச் சென்ற சிறுவனின் கதையும் அதுவே. வயது முதிர்ந்து, உடல் மெலிந்து, பாதுகாப்பு மிகவும் வேண்டியிருக்கும் பருவத்தில் ஓட்டைக் கழற்றி வைக்கச் சொல்லும் முறை இது. நண்டுக்குக்கூட இந்த நிலை இல்லை.

ஆகவே, நம்மைப் போன்ற இளம் வயதினர் இன்றே சிந்திக்க வேண்டும். குடியிருக்கும் வீடு தோட்டத்தின் வீடு, நம்முடையதன்று. வீடு வாங்குவதற்கு ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் பெற விதி இருக்கிறது. ஒரு நாள் விருந்துக்கும் பந்தலுக்கும் கடன் வாங்கிச் செலவிடும் வழக்கம் நம்மவரிடம் இருக்கிறது. அத்தொகையை ஒரு சிறு வீட்டின் முன்பணமாக மாற்றினால் அதைவிடச் சிறந்த விழா வேறில்லை. இது தனிமனிதர் முயற்சியால் மட்டும் தீராது. சங்கங்கள் விடாது கேட்க வேண்டிய உரிமையுமாகும்.

நண்டுகளின் பொருட்டும் ஒரு வேண்டுகோள். இந்துமாக்கடலின் கொக்கோஸ் தீவுகளிலும், பசிபிக் கடலின் ஹெண்டர்சன் தீவிலும் பிளாஸ்டிக் குப்பைகளில் சிக்கி 5,70,000 துறவி நண்டுகள் மாண்டன என்று 2019-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். போத்தலுக்குள் நுழைந்த நண்டு வழுக்கி வெளியேற இயலாமல் இறக்கும்; இறந்ததன் வாடை, காலிச் சங்கு ஒன்று இருக்கிறது என்று பிற நண்டுகளை அழைக்கும்; அவையும் நுழைந்து மடியும். வீடு தேடிப் போய் உயிரை இழப்பதைவிடக் கொடுமை யாது? ஆதலால், கடற்கரைக்குச் செல்லும் அன்பர்கள் போத்தலை அங்கே விட்டுவர வேண்டாம். சங்கை அங்கிருந்து எடுத்துவர வேண்டாம். சாயம் பூசிய நண்டுக்குக் குழந்தை அழுதால், அது எங்கே பிறந்தது, எத்தனை நாள் நீந்தியது, எவ்வளவு பாடுபட்டு அந்த வீட்டைத் தேடிக்கொண்டது என்று சொல்லிப் பாருங்கள். குழந்தைகள் நாம் நினைப்பதைவிட எளிதில் விளங்கிக் கொள்வார்கள்.